மின்பதிப்பும் பதிப்புதான்: தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் தமிழ்ப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,



இளங்கலைத் தமிழ் வகுப்புகள் பலவற்றில் கணினித்தமிழ், இணையத்தமிழ் என ஏதோ ஒரு பெயரில் ஒரு தாள் இருக்கிறது. பெரும்பாலும் ஐந்து அலகு. கணினியின் தலைமுறைகள் ஓர் அலகு, இணையத்தின் வரலாறு ஓர் அலகு, எழுத்துருவும் விசைப்பலகையும் ஓர் அலகு, மின்னூலகங்கள், மின்னிதழ்களின் பெயர்ப்பட்டியல் ஓர் அலகு, கடைசியில் நேரம் மிஞ்சினால் மின்பதிப்பு. பருவத்தேர்வில் “தமிழ்99 விசைப்பலகையின் அமைப்பை விளக்குக” என்று பத்து மதிப்பெண் வினா வரும். மாணவர் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, நீல மையில் எழுத்துகளை நிரப்பி, உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்று எழுதி முடிப்பார். அந்த விசைப்பலகையில் ஒருமுறைகூடக் கை வைக்காமல் முழு மதிப்பெண் வாங்கலாம், வாங்கவும் செய்கிறார்கள்.

இந்தத் தாள் உண்மையில் பதிப்பைப் பற்றியது. ஏட்டிலிருந்து அச்சுக்கு நூல்கள் வந்த காலத்தில் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செய்த வேலை இப்போது அச்சிலிருந்து திரைக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஏடுகளில் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒரே வடிவம். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியபோது, எது எந்த எழுத்து என்று முடிவுகட்டுவதே பதிப்பாசிரியரின் முதல் வேலையாக இருந்தது. நூற்று முப்பது ஆண்டு கழித்து அதே சிக்கல், ஏறக்குறைய அதே எழுத்துகளில், கணினிக்குள் மறுபடி முளைத்திருக்கிறது. அதைத் தீர்க்கத் தமிழ் படித்தவர் வேண்டும். கணினித் துறையிலிருந்து ஓர் ஆசிரியரை வாரம் இரண்டு மணி நேரத்துக்கு இரவல் வாங்கி ஒப்பேற்றுவது இதற்குப் போதாது.

தமிழ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறி: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒருங்குறியில் அவற்றின் எண்கள் முறையே 2980, 2990, 3007, 2996, 3021. இணையம் முழுவதும் இன்று வழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் பிடிக்கும். ஆகச் சொல் முழுவதற்கும் பதினைந்து பைட்டு. கரும்பலகையில் இதை எழுதிக் காட்டப் பத்து நிமிடம் போதும். எழுத்தெண்ணும் செயலி ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு ஏன் ஐந்து என்கிறது, ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் குறுஞ்செய்தி தமிழில் ஏன் 70 குறியோடு நின்றுவிடுகிறது என்ற கேள்விகளுக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும். உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் சேர்ந்தது என்று முதல் பருவத்தில் நன்னூலில் படித்த மாணவருக்கு இது புதிதும் அல்ல. ஒரே வேறுபாடு, ஒருங்குறி அகரமேறிய மெய்யை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அகரத்தைக் கழிப்பதற்குப் புள்ளியைத் தனியாகச் சேர்க்கிறது. இலக்கண ஆசிரியர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. அந்த மனக்குறையிலிருந்து பிறந்ததுதான் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் ‘டேஸ் 16’ குறியேற்றம். 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ்நாடு அரசு ஒருங்குறி, டேஸ் 16 இரண்டையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. இணையத்தில் நிலைத்தது ஒருங்குறி.

அதற்கு முந்தைய நிலைமை என்ன என்பதற்கு வரலாற்றை ஒப்பிக்க வேண்டியதில்லை, ஒரு கோப்பைத் திறந்து காட்டினால் போதும். தட்டச்சு நிலையத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆய்வேடு ஒன்றை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். ‘பெண்’ என்றால் ஒற்றைக்கொம்பு முதலில் வந்துவிடும், ஏனென்றால் பழைய தட்டச்சுப் பொறியின் வரிசை அப்படி. கோப்பில் இருப்பது முழுக்க ஆங்கில எழுத்து. அதன்மேல் எழுத்துரு ஒரு தமிழ் முகமூடியை மாட்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த ஆய்வேட்டில் எந்தத் தமிழ்ச் சொல்லையும் தேட முடியாது. பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பானை வைத்துக் கேட்டால் ஆங்கில எழுத்துகளைத்தான் உளறும். பல அச்சகங்களில் இன்னும் இத்தகைய எழுத்துருக்களே புழங்குகின்றன என்பதால், பழைய குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றுவது, மாற்றியபின் சரிபார்ப்பது இரண்டும் மின்பதிப்பு கற்பவரின் அன்றாட வேலை. தாப், தாம், திஸ்கி என்று வழங்கிய மற்றக் குறியேற்றங்களின் கதைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், ஓர் அலகு வேண்டாம்.

ஒருங்குறிக்கு மாறிவிட்டதாலேயே சிக்கல் ஓய்ந்துவிடவில்லை. இந்த இடத்தில்தான் ஏட்டுக்காலம் திரும்பி வருகிறது. செய்தித்தளங்களிலும் மின்னூல்களிலும் ‘அவர்கள்’ என்ற சொல் பல இடங்களில் ‘அவா்கள்’ என்று இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு எளிதில் தெரியாது. முதலாவதில் இருப்பது ரகர ஒற்று. இரண்டாவதில் காலின் தலையில் ஒரு புள்ளி. பழைய அச்சிலும் தட்டச்சிலும் காலின்மேல் புள்ளி வைத்தே ‘ர்’ ஆக்கிக்கொண்ட பழக்கம், எழுத்துரு மாற்றிகளின் வழியாக அப்படியே ஒருங்குறிக்குள் இறங்கிவிட்டது. கண் ஏமாறும், கணினி ஏமாறாது: ‘அவர்கள்’ என்று தேடினால் ‘அவா்கள்’ அகப்படாது. ஔகாரத்திலும் இதே கூத்து. ‘கௌரவம்’ என்பதில் ககரத்தோடு சேர்வது ஔகாரக் குறி என்ற ஒற்றைக் குறி. ‘கெளரவம்’ என்று அடிப்பவர் ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் தனி ளகரத்தை வைக்கிறார். திரைவாசிப்பான் அதை ‘கெள-ரவம்’ என்றே வாசிக்கும். அதன்மேல் பிழையும் இல்லை. இதற்கு வகுப்பில் நல்ல பயிற்சி ஒன்று உண்டு. இத்தகைய பிழைகள் பத்து பதினைந்து பொதிந்த இரண்டு பக்கக் கோப்பை மாணவரிடம் கொடுத்து, கண்ணால் படித்துக் கண்டுபிடிக்கச் சொல்வது. பிறகு தேடல் கட்டளையால் கண்டுபிடிக்கச் சொல்வது. இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்த மாணவருக்குக் குறியேற்றம் என்றால் என்னவென்று இன்னொரு முறை விளக்க வேண்டியிருக்காது.

அகரவரிசையும் இதோடு சேர்ந்தது. ஒருங்குறி எண் வரிசையில் ந 2984, ன 2985, ப 2986. நெடுங்கணக்கில் கடைசியில் நிற்கும் னகரம் அங்கே நகரத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. றகரம் ரகரத்தை அடுத்து. ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால். ஒரு நூலுக்குச் சொல்லடைவு செய்யும் மாணவர் எண் வரிசையை அப்படியே நம்பும் கருவியில் சொற்களை வரிசைப்படுத்தினால், அகராதி பார்த்துப் பழகியவருக்குத் தலை சுற்றும். தமிழ் வரிசைமுறை அறிந்த கருவி எது, அதில் மொழியைத் தமிழ் என்று எங்கே தேர்ந்தெடுப்பது என்பது ஐந்து நிமிடப் பாடம். அது தெரியாமல் அச்சான பின்னிணைப்புகளைத் திருத்த முடியாது.

விசைப்பலகைக்கு வரலாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது தமிழ்99. அதன் அழகு வரைபடத்தில் தெரியாது, விரலில்தான் தெரியும். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ஒரே மெய் இரண்டுமுறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘தங்கம்’ என்பதில் ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்ததும் ஙகரம் தானே ஒற்றாகிவிடும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற இன எழுத்து மயக்கம் விசைப்பலகைக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ‘மமதை’ போன்ற சொல்லில் அந்தப் புள்ளி வேண்டாமென்றால் இடையில் ஓர் அகரம் தட்ட வேண்டும். நன்னூலின் எழுத்ததிகாரம் இவ்வளவு கைக்கு அடக்கமாக வேறெங்கும் இல்லை. ஆங்கில ஒலிப்படி அடிப்பவர்களைத் திருத்தப் போக வேண்டியதில்லை. கைபேசியில் பெரும்பாலோர் அப்படித்தான் அடிக்கிறார்கள், அதுவும் ஒருங்குறியில்தான் போய்ச் சேர்கிறது. ஆனால் நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் அடிக்கப் போகிறவர் தமிழ்99 பழகுவது நல்லது. மூன்று வாரம் தினம் இருபது நிமிடம் ஒதுக்கினால் கை பழகிவிடும். கணினி இல்லாத மாணவர் செல்லினம் போன்ற செயலியில் கைபேசியிலேயே பழகலாம்.

இணையத்தைப் பயன்படுத்தக் கற்பது என்ற தலைப்பில் இன்று நடப்பது தளங்களின் பெயரை மனப்பாடம் செய்வது. தளங்களின் பெயர் மாறும், முகவரி மாறும், சில மூடப்படும். மாறாதது தேடும் முறை. தமிழ்ச் சொல் வேற்றுமை உருபும் சாரியையும் ஏற்று உருமாறும் சொல். ‘மரம்’ என்று ஒரு கோப்பில் தேடுபவருக்கு ‘மரத்தில்’, ‘மரங்கள்’, ‘மரமும்’ எல்லாம் கிடைத்துவிடாது. ‘மர’ என்ற அடியை வைத்துத் தேடினால் ‘மரபு’, ‘மரணம்’ எல்லாம் சேர்ந்து வரும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்பதை ஒரு சங்கப் பாடல் தொகுப்பில் செய்துபார்த்தால், பெயர் உருபேற்கும் விதத்தை இலக்கண வகுப்பில் சொன்னதைவிட ஆழமாக மாணவர் உணர்வார்.

மூலநூல் தேடுபவருக்கு இன்று பஞ்சமில்லை. 1998 பொங்கல் நாளில் கல்யாணசுந்தரமும் குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட நூல்களால் வளர்ந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் இலக்கிய மூலமும் உரையும் அகராதிகளும் இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் என்ற திட்டம் 2005 முதல் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் நடத்தும் சோத்கங்காவில் பார்க்கலாம். இத்தனை பெயரும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இவற்றில் கிடைக்கும் பாடத்தை எப்படி எடுத்தாள்வது என்பதுதான் பாடம். மதுரைத் திட்டக் கோப்புகளின் தலைப்பகுதியில் மூலம் தந்தவர், தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரைக் குறிக்கும் வழக்கம் உண்டு. மாணவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டி நேரே பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். எந்த அச்சுப் பதிப்பிலிருந்து வந்தது என்று தெரியாத பாடத்தை மேற்கோள் காட்டும் ஆய்வு, யார் ஏடு என்று சொல்லாமல் பாடபேதம் காட்டுவதற்குச் சமம்.

இனி, பாடநேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்ன வேண்டிய வேலை: ஒரு பழைய அச்சுப் புத்தகத்தைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றுவது. படமெடுத்த பக்கத்தை எழுத்துணரிக்குக் கொடுத்தால் நொடியில் எழுத்தாகிவிடும். கூகுளின் எழுத்துணரி தமிழை நன்றாகவே படிக்கிறது. ஆனால் நல்ல தாள், புதிய அச்சு என்றால்தான். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியதற்கு முந்தைய புத்தகங்களில் ணா, றா, னா ஆகியவையும் அவற்றின் ஒகர ஓகார வரிசையும் காலை ஒட்டிக்கொண்டு சுழித்த வடிவில் இருக்கும். ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருக்கும். மொத்தம் 13 எழுத்து. இன்றைய மாணவருக்கே இவற்றைப் படிக்கத் தெரியாது என்பதால் எழுத்துணரியைக் குறை சொல்ல முடியாது. மங்கிய அச்சில் புள்ளி மறைந்தால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். ஏகாரத்தின் சாய்கோடு மழுங்கினால் எகரம். ஏட்டில் புள்ளி இல்லாததால் உ. வே. சா. பட்ட பாட்டை மாணவர் தம் மடிக்கணினியில் அனுபவிப்பது இங்கேதான். இந்த 13 எழுத்துக்கும் ஒருங்குறியில் தனி எண் இல்லை. பழைய வடிவம் எழுத்துருவின் வேலை. ‘லை’ எந்த வடிவில் இருந்தாலும் அடிக்குறியில் லகரமும் ஐகாரக் குறியும்தான். ஆகவே பழைய நூலை உள்ளிடும்போது எழுத்தை மாற்றிவிட்டோமோ என்று பதிப்பாசிரியர் அஞ்ச வேண்டாம்.

அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. பிழைதிருத்தியும், இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் எழுத்துணரியின் பிழையைத் திருத்தும்போதே, ஆசிரியர் எழுதிய ‘ஸந்தோஷம்’ என்பதையும் ‘சந்தோஷம்’ என்று ஓசையில்லாமல் மாற்றிவிடும். மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர் ஒருவரின் நடை இன்றைய நாளிதழ் நடையாகி வெளிவரும். படிக்கத் தடையே இருக்காது, அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. எழுத்துணரியின் பிழை முட்டாள்தனமாக இருப்பதால் கண்ணில் படுகிறது. இந்தப் பிழை புத்திசாலித்தனமாக இருப்பதால் தப்பிவிடுகிறது. மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்குவரி ஒப்பிடுவதைத் தவிர இதற்கு வேறு மருந்து கிடையாது.

அந்த ஒப்பீட்டைப் பழக விக்கிமூலம் ஆயத்தமான பள்ளிக்கூடம். தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடிய நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் அங்கே பக்கம் பக்கமாகக் காத்திருக்கின்றன. திரையில் ஒரு பக்கம் அச்சுப் படம், மறுபக்கம் எழுத்துணரி தந்த பாடம். மெய்ப்புப் பார்க்காத பக்கத்துக்குச் சிவப்பு, ஒருவர் பார்த்து முடித்ததற்கு மஞ்சள், வேறொருவர் மறுபடி பார்த்துச் சரி என்றதற்குப் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. இரண்டாவது ஆள் கட்டாயம். பதிப்புலகம் நூறு ஆண்டாகச் சொல்லிவரும் விதி மூன்று நிறத்தில் அடங்கிவிட்டது. அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஆளுக்குப் பத்துப் பக்கம் மஞ்சளாக்கி, அடுத்தவரின் பத்துப் பக்கத்தைப் பச்சையாக்கினால் ஒரு பருவத்தில் 600 பக்கம் முடியும். ஒவ்வொரு திருத்தமும் பக்க வரலாற்றில் நேரத்தோடு பதிவாகியிருக்கும் என்பதால், யார் உண்மையில் செய்தார், யார் கடைசி நாள் இரவில் கண்மூடிப் பச்சை அடித்தார் என்பதை ஆசிரியர் பார்த்துக்கொள்ளலாம்.

பாடம் சுத்தமானபின் நூலாக்கம். மின்னூல் என்றாலே பி.டி.எஃப். என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பி.டி.எஃப். அச்சுப் பக்கத்தின் படம் மாதிரி. கைபேசியில் அதை இப்படியும் அப்படியும் இழுத்துப் படிக்க வேண்டும். பழைய எழுத்துருவில் செய்த பி.டி.எஃப்.பிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டினால் வருவது என்னவென்று மேலே பார்த்தோம். ஈபப் (EPUB) என்ற மின்னூல் வடிவம் வேறு இனம். அதன் கோப்புப் பெயரின் இறுதியை ஜிப் என்று மாற்றித் திறந்துகாட்டினால் மாணவர் முகத்தில் ஒரு வியப்பு வரும்: உள்ளே சாதாரண வலைப்பக்கங்கள், ஒவ்வோர் இயலுக்கும் ஒன்று, எழுத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஒரு பாணிக் கோப்பு, படங்கள், எது முதலில் எது பின்னால், நூலின் பெயர் என்ன, ஆசிரியர் யார் என்று சொல்லும் ஒரு பட்டியல். அவ்வளவுதான் புத்தகம். 2007இல் ஈபப் 2, 2011இல் ஈபப் 3 என்று தரம் வெளிவந்தது. 2017 முதல் வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது.

இதைச் செய்யக் கற்கும்போது முதலில் விட்டொழிக்க வேண்டிய பழக்கம், தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, அளவைக் கூட்டி, நடுவில் தள்ளுவது. கண்ணுக்கு அது தலைப்பு. கருவிக்கு அது பருத்த பத்தி. ‘தலைப்பு 1’, ‘தலைப்பு 2’ என்ற பாணியைக் கொடுத்தால்தான் பொருளடக்கம் தானாக உருவாகும், திரைவாசிப்பான் இயல் விட்டு இயல் தாவும். உரைநடையை இரண்டு ஓரமும் சமன்செய்து அமைத்தால் தமிழின் நீண்ட சொற்கள் கைபேசித் திரையில் வரிக்கு இரண்டே சொல்லாக நின்று இடையில் பெரும் பள்ளம் விழும்; இடது ஓரம் மட்டும் ஒழுங்காக இருப்பது மேல். செய்யுள் இன்னும் சங்கடம். நாற்சீர் அடி சிறு திரையில் மடிந்தால் மூன்று சீர் மேலே, ஒரு சீர் கீழே என்று நின்று வெண்பாவுக்கே அடிக்கணக்கு தெரியாமல் போகும். மடிந்த பகுதியை உள்தள்ளி வைத்தால், இது புதிய அடி இல்லை, முந்தைய அடியின் மிச்சம் என்று வாசகருக்குப் புரியும். பக்க எண்ணும் ஈபப்பில் நிலையாக நிற்காது, எழுத்தைப் பெரிதாக்கினால் மாறிவிடும். ஆய்வாளர்கள் இதற்காகக் கவலைப்படுகிறார்கள். குறள் எண், புறநானூற்றுப் பாட்டு எண், கம்பராமாயணத்தில் காண்டமும் படலமும் என்று பக்கம் சாராமல் மேற்கோள் காட்டும் மரபு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. உரைநடை நூலுக்கு இயல் எண், பத்தி எண் போட்டுவிட்டால் தீர்ந்தது.

உரிமை என்ற தலைப்பு இப்போதைய பாடத்திட்டங்களில் ஒரு வரியாக ஒதுங்கிக் கிடக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை நீடிக்கும். கணக்கு எளிது. கல்கி 1954இல் மறைந்தார். 2014 முடிவோடு காலம் முடிந்தது, அதற்கு முன்பே அவர் எழுத்துகள் நாட்டுடைமையும் ஆகியிருந்தன. ஜெயகாந்தன் 2015இல் மறைந்தார். அவர் எழுத்து 2075 முடிய வாரிசுகளுக்கு உரியது. கூட்டாக எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரை வைத்துக் கணக்கிட வேண்டும். மாணவர்கள் தடுக்கி விழுவது வேறிடத்தில். திருக்குறள் யாருக்கும் பொது. போன ஆண்டு வந்த உரை பொது இல்லை. சங்கப் பாடல் பொது. பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருடையவை. அட்டைப்படத்துக்கு இணையத்தில் எடுத்த ஓவியத்துக்கும் ஓர் ஓவியர் இருப்பார்.

நாட்டுப்புறப் பாடலைத் தொகுக்கும் மாணவருக்கு இது இன்னும் நுட்பமானது. தாலாட்டு யாருடையது என்று சொல்ல முடியாது. ஆனால் ஆற்றங்கரைத் தெருவில் அதைப் பாடிக் காட்டிய பாட்டியின் குரலுக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு, சட்டப்படி 50 ஆண்டு. பதிவுசெய்யும் முன் இதை எங்கே போடப் போகிறோம், யார் யார் கேட்பார்கள் என்று அவருக்குப் புரியும் சொல்லில் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். “கம்ப்யூட்டர்ல போடப்போறோம் பாட்டி” என்பது ஒப்புதல் கேட்பது ஆகாது. உலகத்தில் எந்த ஊரிலிருந்தும் யாரும் கேட்கலாம் என்று சொன்னபின், ஒப்பாரியை மட்டும் வேண்டாம் என்று அவர் மறுத்தால் விட்டுவிட வேண்டும். சொந்த எழுத்தை வெளியிடும் மாணவருக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் வகைகளை, குறிப்பாக வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்ற பிரிவை, விளக்கிவிட்டால் போதும்.

நூலோடு போகும் தகவல்களில் தமிழ்ப் பெயர் படும் பாடு தனிக் கதை. மின்னூல் கடைகளின் படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்திருக்கும் நமக்குக் குடும்பப்பெயர் எது? ஒருவர் தலைப்பெழுத்தை அங்கே போடுவார், ஒருவர் தம் பெயரையே போடுவார், ஒருவர் சாதிப்பெயர் கேட்கிறார்களோ என்று தயங்கி விட்டுவிடுவார். விளைவு, ஒரே ஆசிரியர் மூன்று ஆளாகப் பட்டியலில் திரிவார். புதுமைப்பித்தன், சொ. விருத்தாசலம் இருவரும் ஒருவரே என்று கணினிக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். துறை அளவில் ஒரு வழக்கத்தை வகுத்துக்கொண்டு எல்லா நூலுக்கும் அதையே கடைப்பிடிப்பது உத்தமம்.

சர்வதேசத் தரப் புத்தக எண்ணை இந்தியாவில் புது தில்லியிலுள்ள இராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது. 2007 முதல் அது 13 இலக்கம். அச்சு நூலுக்கு ஓர் எண், ஈபப்புக்கு வேறோர் எண். அச்சு எண்ணையே மின்னூலுக்கும் ஒட்டிவிடுவது பரவலான தவறு. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது: இலக்கங்களை மாறி மாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 978 என்ற தொடக்கத்துக்கு 9, 21, 8 என்று 38 வரும். மற்றப் பத்து இலக்கத்தையும் மாணவரே அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கூட்டிப் பார்க்கலாம்.

நேரம் பற்றி. வாரம் நான்கு மணி, பதினைந்து வாரம் என்றால் 60 மணி நேரம். குறியேற்றத்துக்கும் தட்டச்சுக்கும் 10, தேடலுக்கும் மூலங்களுக்கும் 8, எழுத்துணரி, மெய்ப்புக்கு 20, நூலாக்கத்துக்கு 12, உரிமைக்கும் நூல்விவரத்துக்கும் 6, வரலாற்றுக்கு 4 என்று பிரிக்கலாம். வரலாற்றுக்கு நான்கு மணி நேரம் குறைவென்று தோன்றலாம். எண்பதுகளில் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கியதும் 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியதும் அதற்குள் அடங்கும். ஆய்வகத்தில் கணினி போதவில்லை என்பது உண்மையான தடை. விக்கிமூல மெய்ப்பும் தட்டச்சும் கைபேசியில் முடியும். ஈபப் உருவாக்க மட்டும் கணினி வேண்டும், அதை நான்கு பேருக்கு ஒன்று என்று பகிரலாம். மென்பொருளுக்குச் செலவு இல்லை: லிப்ரே ஆபிஸ், சிகில், கேலிபர் மூன்றும் கட்டற்றவை.

மதிப்பீட்டை மாற்றாமல் இவற்றில் எதுவும் நடக்காது. வெளித்தேர்வு 75, அகமதிப்பீடு 25 என்ற பங்கீடு வழங்கும் இடங்களில் இந்த ஒரு தாளுக்காவது அதைத் தலைகீழாக்கிச் செய்முறைத் தாளாக அறிவிக்க வேண்டும். நான்கு பேர் கொண்ட குழு முப்பது நாற்பது பக்க நூல் ஒன்றை ஈபப்பாக ஒப்படைக்க வேண்டும்: உரிமை முடிந்த ஒரு சிறுகதைத் தொகுதி, தங்கள் ஊர்ப் பாடல்கள், பழைய கல்லூரி மலரிலிருந்து அனுமதி பெற்ற கட்டுரைகள், ஏதாவது ஒன்று. புறத்தேர்வாளர் அதைத் தம் கைபேசியில் திறப்பார். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். பொருளடக்கத்தைத் தட்டுவார். ‘அவர்கள்’ என்று தேடிவிட்டு, பிறகு காலின்மேல் புள்ளி வைத்த ‘அவா்கள்’ என்றும் தேடுவார். நூலின் கடைசிப் பக்கத்தில் பதிப்புக் குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்: எந்த அச்சுப் பதிப்பைப் பின்பற்றியது, யார் தட்டச்சிட்டார், யார் யார் இரண்டு மெய்ப்புகளையும் பார்த்தார்கள், எந்தெந்தப் பிழையைத் திருத்தினார்கள், எதை ஐயத்தோடு அப்படியே விட்டார்கள், என்ன உரிமத்தில் வெளியாகிறது. குறிப்பிலுள்ள பெயர்களில் ஒருவரை அழைத்து, ஐயத்தோடு விட்ட ஓர் இடத்தைக் காட்டி, ஏன் விட்டீர்கள் என்று கேட்பார். வாய்மொழித் தேர்வுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

இங்ஙனம்,
மின்னூல் மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்